மூன்றாம் தவணை

கடைக்காலுக்கு ஒரு படம்,
லிண்டலுக்கு ஒரு படம்,
கூரைக்கு ஒரு படம்.
படத்துக்கு ஒரு தவணை.
பயனாளி படத்துக்குள் நிற்க வேண்டும்.
சிரிக்க வேண்டும் என்று விதி இல்லை.

பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே
கழிமேட்டில் பதினேழு வீடு.
நான் ஓவர்சியர், ஒப்பந்த வேலை.
முதல் நாள் போனை உயர்த்தியபோது
திரையில் சிவப்பு எழுத்து வந்தது:
இடம் பொருந்தவில்லை.

எப்படிப் பொருந்தும்?
காப்புக்காடு என்றது ஓர் இலாகா,
ஆற்றுப் புறம்போக்கு என்றது இன்னொன்று.
முப்பத்தெட்டு வருசம்
இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று
முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.
நடுவில் குடியிருந்த இருளர்கள்
இற்றுப்போன கம்பை மாற்றி நட்டாலும்
ஜீப் வந்து நின்றது.
ஓட்டுப் போடலாம்,
ஓடு போடக் கூடாது.

செஞ்சம்மாவின் குடிசையைப் பிரித்த அன்று
நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.
மேலே நீலத் தார்ப்பாய், வெள்ளம் வந்த வருசத்தது.
அதன் கீழே மஞ்சள், தானே புயலுக்கு
யாரோ லாரியிலிருந்து வீசியது.
அதற்கும் கீழே சுனாமிப் பாய்,
எந்த நாட்டு எழுத்தோ,
உரிக்க உரிக்க ஓலையோடு வந்தது.
கரிபிடித்த ஓலையில் செருகியிருந்தது
பட்டா கேட்ட மனுவின் நகல்.
கரையான் தின்றது போக மிச்சம்
'ஐயா'.

கதவு சாலையைப் பார்க்க வேண்டும்
என்றது வரைபடம்.
சாலை இன்னும் வரவில்லை.
கதவு கழியைப் பார்க்க வேண்டும்
என்றாள் செஞ்சம்மா.
"ஏத்தமா வத்தமான்னு
எந்திரிச்சதும் தெரிய வேணாமா சார்?
ரோட்டப் பாத்துக்கிட்டு
நான் என்னத்தப் புடிக்கிறது?"

கழுத்தளவு தண்ணீரில்
பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு
சேற்றைக் கையால் துழாவி
இறால் எடுப்பவள்.
யாவாரி தங்கமணியிடம்
மகன் கல்யாணத்துக்கு வாங்கிய எட்டாயிரம்
ஒன்பது வருசமாக எட்டாயிரமாகவே இருக்கிறது.
அவர் தராசில் ஒரு கிலோ இறால்
எண்ணூறு கிராம்தான் காட்டும்.
போன தையில்
பதினோரு பெண்கள் குழுக்கடன் போட்டு
சொந்தமாக ஒரு தராசு வாங்கினார்கள்,
ஒரு ஐஸ்பெட்டியும்.
முதலில் எதை நிறுத்தார்கள் என்று கேட்டேன்.
செஞ்சம்மாவின் பேத்தியையாம்.
பதின்மூன்று கிலோ முன்னூறு.

பின்சுவரில் ஜன்னலுக்கு விட்ட இடத்தைக்
கொத்தனார் அஞ்சாபுலி
தரைவரைக்கும் இறக்கிவிட்டார்.
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
அளவுப் புத்தகத்தில் அது ஜன்னல்.

சிமென்ட் கடையில் பாக்கி சொல்லித்தான்
கான்கிரீட் போட்டோம்.
அந்த மூன்று தார்ப்பாய்களும்
மறுபடி கூரைமேல் கிடக்கின்றன,
காயாமல் ஈரம் காக்க.
இத்தனை வருசம்
தண்ணீரைத் தடுக்கத் தெரியாதவை
இப்போதும் சொட்டுகின்றன,
சுற்றிலும் பாத்தி கட்டி விட்ட தண்ணீரை.

புவனகிரியில் என் வாடகை வீட்டில்
ஆணி அடிக்க
வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.
அதை இவர்களிடம் சொன்னதில்லை.

இன்று மூன்றாம் தவணைக்குப் படம்.
ஐப்பசி பிறக்க நாலு நாள்,
வடக்கே கறுத்திருக்கிறது.
ஒரு வழியாகச் செயலி
இடம் பொருந்தியது என்கிறது.
பயனாளியைக் காணோம்.
விடியலில் வத்தமாம்,
ஜன்னல் வழியாக
வேலைக்குப் போயிருக்கிறாள்.

போனில் பதினெட்டு சதவீதம் சார்ஜ்.
முட்டுக்கால்களுக்கு நடுவே
சிமென்ட் மூட்டையை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.
ஏத்தம் வந்தால் வருவாள்.